அவரவர் குடம்

பழனி,

வட ஆற்காட்டை இரண்டாகப் பிரித்து நம் ஊருக்கென்று தனியாக ஒரு கலெக்டரை உட்கார வைத்தார்களே, அந்த வருடம். அதற்கு முன்னால் கலெக்டரிடம் ஒரு மனு கொடுக்க வேண்டுமென்றாலும் வேலூருக்குப் பஸ் ஏற வேண்டும். உன் மூத்த பெண் பிறந்தது அந்த வருடம்தான். அம்பத்தூர் கம்பெனியில் உனக்கு வேலை நிரந்தரமானதும் அப்போதுதான். அந்தக் கார்த்திகை தீபம் முடிந்த மறுவாரம் முனிசிபாலிட்டியில் எனக்கு மாலை போட்டு, சால்வை போர்த்தி வீட்டுக்கு அனுப்பினார்கள். எனக்கு அறுபது ஆனதா என்று எனக்கே தெரியாது. வேலையில் சேர்ந்தபோது ஒரு டாக்டர் என் வாயைத் திறக்கச் சொல்லி, மாட்டுச் சந்தையில் பார்ப்பதுபோலப் பல்லைப் பார்த்து, ஒரு வயதை எழுதினார். அவர் எழுதியபடிதான் நான் கிழவனானேன். இந்தக் கடிதத்தைத் தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவர் எழுதுகிறார். 'பணிந்து சமர்ப்பித்துக்கொள்வது' என்று ஆரம்பித்தார். இது என் மகனுக்கு, நான் அவனிடம் எதையும் கேட்கவில்லை என்று சொல்லி அதை அடிக்கச் சொன்னேன். நான் 'வந்துட்டான்' என்றால் அவர் 'வந்துவிட்டான்' என்று எழுதிக்கொள்கிறார். எழுதட்டும், விஷயம் என்னுடையது.

போன மாதம் நீயும் மருமகளும் வந்திருந்தீர்கள். கம்பெனியில் விருப்ப ஓய்வு கொடுக்கிறார்கள், எழுதிக் கொடுத்துவிட்டேன் என்றாய். புதுவீட்டில் கீழ்த்தளத்தில் எனக்கென்று ஓர் அறை, குத்துக்கால் போட முடியாது என்று நாற்காலி மாதிரி கக்கூஸ், எல்லாம் கட்டியாகிவிட்டது என்றாய். தை பிறந்ததும் கார் எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றாய். கிளம்பும்போது வாசலில் நின்று, "இங்க உங்கள யாருப்பா பாத்துக்கறாங்க?" என்று கேட்டாய். நான் பதில் சொல்லவில்லை. அதை நீ சம்மதம் என்று எடுத்துக்கொண்டாய் என்பது, நேற்று பக்கத்து வீட்டுப் போனில் நீ பேசியபோதுதான் தெரிந்தது. எத்தனை பெட்டி வரும் என்று கேட்டாய். நீ கேட்டது தப்பான கேள்வி இல்லை. வாசலில் நின்று சொல்லி முடிக்கிற பதிலாக என்னிடம் இல்லை, அவ்வளவுதான். உட்கார்ந்து படி.

முதலில் உன் ஓய்வைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் வேலையை விட்ட பிறகும் இரண்டு மாதம் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, தெருக்களுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற வால்வுக் கம்பியைத் தேடினேன். கம்பியைத்தான் ஒப்படைத்துவிட்டேனே. வெறுங்கையோடு தொட்டிவரை போவேன். எந்தத் தெருவுக்கு எத்தனை சுற்றுத் திறந்தால் மேட்டு வீட்டுக்கும் தண்ணீர் ஏறும் என்பது என் கைக்குத் தெரியும். எனக்குப் பின்னால் வந்த ஆளுக்கு அது தெரியவில்லை. ஒரு நாள் அவன் பீடி பற்றவைக்கப் போன நேரம் பார்த்து, அவன் கம்பியை எடுத்து நானே திறந்துவிட்டேன். அவன் திரும்பி வந்து திட்டவில்லை. "உங்களுக்கு வூட்ல யாரும் இல்லியா பெரியவரே?" என்று மட்டும் கேட்டான். திட்டியிருந்தால் பரவாயில்லை. அன்று கோயில் குளத்துப் படிக்கட்டில் பத்து மணிவரை உட்கார்ந்திருந்தேன். உனக்கும் அந்த இரண்டு மாதம் வரும். கம்பெனி பஸ் நிற்கிற இடத்துக்குக் கால் தானாகப் போகும். போனால் போகட்டும், வெட்கப்படாதே. ஆனால் அதற்குள் உன்னைத் தேடுகிற மாதிரி வெளியில் ஒரு காரியத்தைப் பிடித்துக்கொள். வீட்டுக்குள்ளேயே தேடினால் மருமகளுக்குத்தான் தொந்தரவு.

எனக்கு அந்தக் காரியம் எப்படிக் கிடைத்தது என்று உனக்குத் தெரியாது. நீ அப்போது தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் வருவாய். நம் தெருவில் மூன்றாவது வீட்டில் ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்ற ஒருத்தர் தனியாக இருந்தாரே, யாரிடமும் பேசமாட்டார், அவர் வீட்டுக்குள்ளேயே செத்துக் கிடந்தார். மூன்றாம் நாள்தான் தெரிந்தது. பிள்ளைகள் பெங்களூரிலிருந்து வந்து, "யாருமே பாக்கலியா?" என்று தெருவைப் பார்த்துக் கேட்டார்கள். மறுநாள் குழாயடியில் நாங்கள் அஞ்சு பேர் நின்றோம். பஸ்ஸில் கண்டக்டராக இருந்த வரதன், ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்த ஏழுமலை, கோயில் வாசலில் இட்லி விற்று நிறுத்திவிட்ட கன்னியம்மா, ரவிக்கை தைக்கிற தையல்காரம்மா, நான். அஞ்சு பேர் வீட்டிலும் பிள்ளைகள் இல்லை. இருக்கிறார்கள், இங்கே இல்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தையல்காரம்மாதான் பேச்சை எடுத்தார். "நம்ம தெருவுல குடம் இருந்தா ஆளு இருக்குதுன்னு தானே அர்த்தம்? காலைல எந்த வூட்டுக் குடம் வரிசைல இல்லியோ, அந்த வூட்டுக் கதவத் தட்டணும். வேற ஒண்ணும் வாணாம்ணே."

அவ்வளவுதான் ஏற்பாடு. சங்கம் இல்லை, போர்டு இல்லை. குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, அதனால் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு அவரவர் வீட்டுக்குப் போய் வேலையைப் பார்ப்போம். யாரும் அடுத்தவர் குடத்தை முந்தி வைக்கமாட்டார்கள். ஊர் முழுக்க அதுதான் வழக்கம். எழுத்து தெரியாவிட்டாலும் எனக்குக் குடம் தெரியும். கன்னியம்மாவுடையது இடுப்பில் ஒடுங்கின அலுமினியம். ஏழுமலையுடையது பச்சை பிளாஸ்டிக். தையல்காரம்மாவுடையது கழுத்தில் சிவப்புத் துணி கட்டின பித்தளை. வரதனுடையது ஒவ்வொரு மாதமும் மாறும், எங்கேயாவது மறந்து வைத்துவிட்டு வருவான். "டிக்கெட் எடுக்காத குடம்யா அது, எங்க எறங்குச்சோ" என்பான். நாளாக ஆகக் குடத்தோடு மற்றதும் சேர்ந்துகொண்டது. ஒருவர் படுத்தால் இன்னொருவர் கஞ்சி வைப்போம். ஆஸ்பத்திரிக்குச் சேர்ந்தே போவோம். முதியோர் பென்ஷனுக்குக் கன்னியம்மாவைத் தாலுகா ஆபீசுக்கு நாலு முறை நடத்திக் கூட்டிப்போனோம். யாருக்கு எந்த நிற மாத்திரை காலை, எது ராத்திரி என்பதெல்லாம் என் தலையில்தான் இருந்தது. ஏழுமலை சிரிப்பான். "எழுதத் தெரிஞ்சவன் மறந்துட்றான். ஒனக்கு எழுதத் தெரியாததுதான்யா நமக்கு நல்லது." தெருவில் எங்களைக் குழாயடிக் கோஷ்டி என்று கிண்டல் செய்தார்கள். செய்யட்டும் என்று இருந்தோம்.

உன் அம்மா இருந்திருந்தால் இதைப் பார்த்துச் சிரித்திருப்பாள். அவள் எனக்கு முந்திக்கொண்டாள். நான் ஊருக்கெல்லாம் தண்ணீர் திறந்த காலத்தில் நம் தெருவுக்கு ஒரு நிமிஷம்கூட அதிகம் விடமாட்டேன். வாட்டர்மேன் பொண்டாட்டி என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்று அவளைக் கடைசியில் நிற்கச் சொன்னேன். பாதி நாள் அரைக்குடத்தோடு வருவாள். "ஊருக்கு ஞாயம், வூட்டுக்கு அரக்கொடம்" என்பாள். நான் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டேன். அவள் கால் வீங்கியிருந்தது என்று உன் சித்தி சொல்லித்தான் தெரிந்தது. இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் கண்ணில்லாத மனுஷன் இல்லை. ஆனால் நல்லது செய்துகொண்டிருக்கிறேன் என்கிற எண்ணம் வந்துவிட்டால் எனக்குக் கண் அடைத்துக்கொள்ளும். அவள் விஷயத்தில் ஒரு முறை அது நடந்தது. இரண்டாவது முறை நடந்ததை உன்னிடம் நான் சொன்னதே இல்லை.

உன் சின்னவன் பிறந்த வருடம், சித்திரா பௌர்ணமி. அந்த வருடங்களில்தான் பௌர்ணமிக் கூட்டம் நாலு மடங்காகிக்கொண்டிருந்தது. மலையைச் சுற்றிவிட்டுக் கோயிலுக்குத் திரும்புகிற ஜனம் மேற்கு வாசல் பே கோபுரத்துக்குப் பின்னால் நம் தெருமுனை வழியாகத்தான் போகும். வாசலைத் திறந்தால் கால் வைக்க இடமிருக்காது. கன்னியம்மாவுக்கு ஒரு மாதமாக முட்டிவலி. குடம் தூக்க முடியவில்லை. அதை என்னிடம் மட்டும் சொன்னாள். "யாராண்டயும் சொல்லாத தம்பி. குடம் தூக்க முடியலன்னு தெரிஞ்சா என் பொண்ணு கீழ்பென்னாத்தூருக்கு இட்டுக்கினு பூடுவா. அங்க மாட்டுக் கொட்டாய்ப் பக்கம்தான் எனக்குக் கட்டிலு." நானும் சொல்லவில்லை. தினமும் சாயந்திரம் அவள் குடத்தை எடுத்துவந்து, விடியுமுன் வரிசையில் நானே வைப்பேன். காலையில் நானே பிடித்து அவள் வாசற்படியில் இறக்குவேன். அவள் படியில் உட்கார்ந்திருப்பாள், இரண்டு வார்த்தை திட்டுவாள், போய்விடுவேன். குடம் வரிசையில் இருக்கிறது, ஆகவே கன்னியம்மா நன்றாக இருக்கிறாள் என்று மற்ற மூன்று பேரும் நினைத்தார்கள். ஏற்பாட்டையே நான் பொய்யாக்கிக்கொண்டிருந்தேன் என்பது எனக்கு உறைக்கவில்லை. ரகசியமாக ஓர் உதவி செய்கிறோம் என்கிற சந்தோஷம்தான் இருந்தது.

பௌர்ணமிக்கு முந்தின சாயந்திரமும் அப்படியே குடத்தை எடுத்துவந்து, விடியுமுன் வரிசையில் வைத்தேன். காலையில் தையல்காரம்மா வரிசையைப் பார்த்து, "அஞ்சும் கீது" என்றார். நான் பிடித்துக்கொண்டுபோய்க் கன்னியம்மா வாசலில் இறக்கினேன். கதவு சாத்தியிருந்தது. ராத்திரியெல்லாம் கூட்டத்தின் சத்தத்தில் தூங்கியிருக்கமாட்டாள், தூங்கட்டும் என்று தட்டாமல் திரும்பினேன். தெருமுனையில் நீர்மோர் ஊற்றுகிற வேலை எனக்கு. வெயில் ஏறும்வரை யார் யாருக்கோ மோர் ஊற்றினேன். நடுவில் இரண்டு தடவை அந்த வாசலைக் கடந்து போனேன். குடம் வைத்த இடத்திலேயே இருந்தது. பார்த்தேன், பழனி. பார்த்துவிட்டு, பேரனுக்கு மொட்டை என்று சொன்னாளே, மகள் வந்து கூட்டிப்போயிருப்பாள் என்று நானே ஒரு காரணம் கட்டிக்கொண்டேன். சாயந்திரம் நாலு மணிக்கு வரதன்தான் நின்றான். "இன்னாய்யா, தண்ணி வெயில்ல வேவுது. கெழவி எங்க?"

கதவைப் பெயர்த்தோம். அடுப்படிக்கும் தாழ்வாரத்துக்கும் நடுவில் கிடந்தாள். இடுப்பு முறிந்திருந்தது. விழுந்தது முந்தின நாள், விளக்கு வைக்கிற நேரம், நான் குடத்தை எடுத்துக்கொண்டு போன கொஞ்ச நேரத்துக்கெல்லாம். நினைவு இருந்தது, உதடு மட்டும் ஒட்டிப்போயிருந்தது. ஏழுமலை பஞ்சில் தண்ணீர் நனைத்து வாயில் வைத்தான். அவள் என்னைத்தான் பார்த்தாள்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு கேள்வி வந்தது. முந்தின சாயந்திரம் விழுந்தவளுடைய குடம் காலையில் வரிசைக்கு எப்படி வந்தது? வரதன், "குடத்துக்குக் கால் மொளச்சிருக்கும்" என்றான். தையல்காரம்மா தலையில் அடித்துக்கொண்டார். "நான்தாண்ணே அஞ்சும் கீதுன்னு சொன்னேன். இருட்டுல வேற யார் குடத்தையோ பாத்துட்டேன் போல. வாசல்ல இருந்தது முந்தின நாள் தண்ணியா இருக்கும். ஊசி கோத்துக் கோத்து என் கண்ணு போச்சு." அவர் அழுததைப் பார்த்துக்கொண்டு நான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. கட்டிலில் கிடந்த கன்னியம்மாவுக்கு எல்லாம் கேட்டது. அவளும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அப்படிப் பதினொரு நாள் போயிற்று. பதினொரு நாளும் தையல்காரம்மா காலையில் ஒவ்வொரு குடமாகத் தொட்டுத் தடவிப் பார்த்தார், தன் கண்ணின் மேல் நம்பிக்கை போய்.

பதினோராம் நாள் சாயந்திரம் கன்னியம்மாவுக்குக் கஞ்சி கொண்டுபோனேன். இரண்டு வாய் குடித்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "குடம் வெச்ச சத்தம் கேட்டுது. நீதான்னு தெரியும். கூப்ட்டேன். அரோகரா அரோகரான்னு போறாங்க, என் கொரலு எங்க கேக்கும்? தண்ணி கொண்டாந்த, சரி. என் மூஞ்சியப் பாத்தியா தம்பி?" கோபமாகச் சொல்லவில்லை. தெரிந்துகொள்வதற்குக் கேட்பதுபோலக் கேட்டாள். இத்தனை வருடத்தில் என்னிடம் யாரும் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

மறுநாள் காலை குழாயடியில் மூன்று பேரையும் நிறுத்திச் சொன்னேன். அவள் குடத்தை ஒரு மாதமாக வைத்தது நான்தான் என்றேன். வரதன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேறு பக்கம் பார்த்தான். ஏழுமலை, "அதச் சொல்றதுக்குப் பதினோரு நாளா?" என்றான். தையல்காரம்மா என் முகத்தை நெடுநேரம் பார்த்தார். அவர் என்ன திட்டியிருந்தாலும் வாங்கியிருப்பேன். அவர் சொன்னது இதுதான்: "இனிமே ஒருத்தர் குடத்த இன்னொருத்தர் தொடக்கூடாது. தூக்க முடியலன்னா சொம்பு எடுத்தாரட்டும். சொம்பும் முடியலன்னா வெறுங்கையா வரட்டும். வந்து மூஞ்சியக் காட்டட்டும்." அதற்குப் பிறகு நாலு நாள் அவர் என்னோடு பேசவில்லை. அஞ்சாம் நாள் என் கிழிந்த சட்டையைக் கேட்டு வாங்கித் தைத்துக் கொடுத்தார்.

கன்னியம்மா எட்டு மாதம் படுக்கையில் இருந்தாள். மகள் வந்தாள், கூட்டிப்போகவும் பார்த்தாள். இவள் போகவில்லை. நாங்கள் முறை வைத்துப் பார்த்துக்கொண்டோம். தையல்காரம்மாதான் குளிப்பாட்டித் தலை சீவிவிடுவார். நான் காலையில் போய் எதிரில் உட்காருவேன். பேசவேண்டும் என்றுகூட இல்லை. முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலைக்குப் போவேன். ஒரு நாள் அவளே, "போதும் எழுந்து போ, ஒன் மூஞ்சியப் பாத்துப் பாத்து எனக்குச் சலிச்சிப்போச்சி" என்றாள். அன்றைக்குத்தான் எனக்கு மூச்சு சரியாக வந்தது. அதற்குப் பிறகு இரண்டு வாரம்தான் இருந்தாள்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ நல்ல பிள்ளை. மாதம் தவறாமல் பணம் வருகிறது. மாத்திரை பார்சலில் வருகிறது. போன கோடையில் மின்விசிறி வந்தது. எதிலும் குறையில்லை. ஆனால் மூன்று வருடமாக நீ எனக்குக் குடம் வைத்துக்கொண்டிருக்கிறாய், பழனி. உன்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை, அதே தப்பை உனக்கு முன்னாலேயே செய்தவன் நான். என் இடது கண்ணில் புரை விழுந்திருக்கிறது. போன மாதம் என் எதிரில் அரை நாள் உட்கார்ந்திருந்தாய், வீட்டுப் படம் காட்டினாய், நான் படத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். நீ கவனிக்கவில்லை. சொல்லாதது என் தப்புதான். கன்னியம்மா ஏன் முட்டிவலியைச் சொல்லவேண்டாம் என்றாளோ, அதே பயம்தான் எனக்கும். தெரிந்தால் கூட்டிப்போய்விடுவாய் என்ற பயம். இப்போது சொல்லிவிட்டேன். கண்ணுக்கு ஆபரேஷன் செய்துகொள்கிறேன், இங்கேயே. அதற்கு நீ வா. வந்து பத்து நாள் இரு. உனக்குத்தான் இனிமேல் ஆபீஸ் இல்லையே.

அந்த அறைக்கு நான் வரவில்லை. கோபித்துக்கொள்ளாதே. யார் உங்களைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டாய். எங்கள் கோஷ்டியில் ஏழுமலை போய்விட்டான். இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர் எல்லாம் நின்றுவிடும் என்று உன்னைக் கம்பெனியிலேயே உட்கார வைத்தார்களே, அந்தத் தை மாதம். வரதன், கடல் பொங்கிச் சென்னைக் கரையில் ஜனங்களை அடித்துக்கொண்டு போனதே, அதற்கு மறுமாதம் போனான். காலையில் அவன் வரவில்லை என்று அரை மணிக்குள் கதவைத் தட்டினோம். உயிர் இருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸை நிறுத்தச் சொல்கிற கண்டக்டராகவே "ஹோல்டான், ஹோல்டான்" என்று சொல்லிச் சிரித்தான். தனியாகச் சாகவில்லை. இப்போது வீட்டுக்கு வீடு குழாய் வந்துவிட்டது. தெருக்குழாயில் வாரத்தில் இரண்டு நாள்கூடத் தண்ணீர் வருவதில்லை. ஆனாலும் விடிந்ததும் இரண்டு பேர் சொம்போடு அங்கே வந்து நிற்கிறோம். புதிதாகக் குடிவந்தவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். முகத்தைப் பார்த்துக்கொள்கிறோம். கால் எப்படி, கண் எப்படி, ராத்திரி சாப்பிட்டது என்ன என்று கேட்டுக்கொள்கிறோம். வீட்டுக்குப் போய்விடுகிறோம். நான் தை மாதம் உன் காரில் ஏறினால் மறுநாள் காலை அங்கே ஒரு சொம்புதான் வரும். அது வராமல் போகிற அன்றைக்குப் பார்க்க ஆள் இருக்காது. தையல்காரம்மாவுடைய மகனும் ஆம்பூரிலிருந்து வந்து போன வருடம் கூப்பிட்டார். அவர் போகவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

ஒரு நாள் காலை உனக்குப் போன் வரும். என்னைப் பற்றியதாக இருக்கும். பேசுகிறவர் குரல் உனக்குப் புதிதாக இருக்கும், யார் என்று கேட்டு அவரை நிறுத்திவைக்காதே. தையல்காரம்மா என்றே நீயும் நானும் கூப்பிட்டுப் பழகிவிட்டோம். என் ரேஷன் கார்டுக்குப் பின்னால் உன் நம்பரை ஏழுமலை எழுதி வைத்தான், இன்று காலை அதை அவரிடம் கொடுத்துவிட்டேன். அப்போதுதான் இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அவர் பெயரைக் கேட்டேன். மனு எழுதுகிறவரிடம் எழுத்துப் பிழை இல்லாமல் எழுதச் சொல்லியிருக்கிறேன். என்னைத் தவிர எங்களில் இன்னும் இருப்பவர் அவர் ஒருவர்தான். மெஹருன்னிசா.